பூனைதானே, தானா வந்துடும்!

முதல்லயே சொல்லிடறேன், இது கோபத்துல எழுதினது. பூனை குறுக்கே போனா வண்டியை ஓரங்கட்டி ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போறவங்களும் தாராளமா படிக்கலாம். உங்களையும் சேர்த்துத்தான் திட்டப் போறேன் :-)

2025 தீபாவளி. அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஊர் வழக்கப்படி விடியக்காலம் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, லேகியம் முழுங்கி, அம்மா கூரியர்ல அனுப்பின முறுக்கைத் தின்னு, எட்டு மணிக்கெல்லாம் எங்க தீபாவளி முடிஞ்சாச்சு. டெல்லிக்காரங்களுக்கு ராத்திரி லட்சுமி பூஜைக்கு அப்புறம்தான் தீபாவளியே ஆரம்பிக்கும். அந்த வருஷம் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு அனுமதி குடுத்திருந்துச்சு. காலையில 6லேர்ந்து 7, ராத்திரி 8லேர்ந்து 10. நாங்க இருக்கற ஜங்புரா பக்கம் அன்னிக்கு ராத்திரி பத்து மணி அடிக்கவே இல்லை. ரெண்டு மணி வரைக்கும் ஒன்பதே முக்காலாவே இருந்துச்சு.

கீழ்வீட்டு அம்மா மிட்டாய்ப் பெட்டியோட வந்து மணி அடிச்சாங்க. கதவைத் திறந்தேன். அதே நேரம் பார்த்து தெருவுல எவனோ ஆயிரம் வாலாவைக் கொளுத்தினான். பட்டாணி என் கால் நடுவுல பூந்து, அந்தம்மாவோட சேலையை உரசிக்கிட்டு, படியிறங்கிப் போயிட்டான்.

பட்டாணி எங்க வீட்டுப் பூனை. மூணு வயசு. சாம்பல் நிறம், கோடு போட்டிருக்கும், வால் நுனி மட்டும் கறுப்பு. மழையில ஸ்கூட்டருக்கு அடியில நடுங்கிக்கிட்டிருந்த குட்டியைப் பொண்ணு தூக்கிட்டு வந்தா. தங்கமணி மூணு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தாங்க. நாலாம் நாள் சாயங்காலம் ரெண்டு பேரும் சோபாவுல சேர்ந்து சீரியல் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அன்னியிலேர்ந்து அவன் வாசப்படி தாண்டினதே இல்லை.

அன்னிக்கு ராத்திரியும் அடுத்த நாளும் எனக்குக் கிடைச்ச ஆறுதல்களை எண்ணிப் பார்த்தேன். தென்காசியிலேர்ந்து அம்மா: "பூனை எங்கலே போவும், தானா வந்துரும்." மயூர் விஹார் நண்பர்: "விடுப்பா, பசிச்சா வந்துடும்." ஆபீஸ்ல ஒருத்தர்: "பூனைக்கு ஏழு மைல் தாண்டினாலும் வழி தெரியும் சார்." காலனி வாட்ஸப் குழுவுல ஒரு பெரியவர்: "ஒரு பூனைக்கா காலையிலேர்ந்து இத்தனை மெசேஜ்?" சொந்தக்காரர் ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போய், "பீடை தொலைஞ்சுதுன்னு நினைச்சுக்கோ"ன்னார். அவர்கிட்ட நான் இன்னும் பேசலை.

இதுல ரெண்டு வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வருது. ஒண்ணு, "தானா வந்துடும்." இன்னொண்ணு, "பூனைதானே." இந்த ரெண்டும் சேர்ந்து எத்தனை பூனையைக் கொன்னிருக்கும்னு நான் இப்ப யோசிக்கறேன்.

முதல் வாக்கியத்தை எடுத்துக்குவோம். தூக்கம் வராத ராத்திரியில தேடித் தேடிப் படிச்சதுல ஒரு ஆய்வு கிடைச்சது. 2018-ல 'அனிமல்ஸ்'ங்கற ஆய்விதழ்ல வந்தது. காணாமப் போன 1210 பூனைகளைப் பத்தின விவரத்தைச் சேகரிச்சிருக்காங்க. மூணுல ஒண்ணுதான் முதல் ஒரு வாரத்துக்குள்ள கிடைச்சிருக்கு. ஒரு வருஷம் வரைக்கும் கணக்கெடுத்தாலும் 61 சதவீதம்தான். 90 நாளைக்கு அப்புறம் உயிரோட கிடைச்சது ரொம்பக் கொஞ்சம். ஆக, பத்துல கிட்டத்தட்ட நாலு வரவே இல்லை. அப்புறம் என்ன "தானா வந்துடும்"?

அதே ஆய்வுல இன்னொரு விஷயம் இருக்கு. கிடைச்ச பூனைகள்ல முக்கால்வாசி, தப்பிச்ச இடத்துலேர்ந்து 500 மீட்டருக்குள்ளதான் இருந்திருக்கு. வீட்டுக்குள்ளயே வளர்ந்த பூனை இன்னும் பக்கத்துலதான் இருக்கும். இறங்கி நடந்து தேடினவங்களுக்குத்தான் கிடைக்கற வாய்ப்பும் அதிகம். பயந்த பூனை ஓடாது, ஒளியும். நாம பேர் சொல்லிக் கூப்பிட்டா "மியாவ்"னு பதில் குடுக்கும்னு நினைக்கறோம் பாருங்க, அங்கதான் ஏமாறறோம். பயத்துல இருக்கற பூனை சோறு போட்ட கையோட குரலுக்கும் வாயைத் திறக்காது. சத்தம் போட்டா எதிரிக்கு இடம் தெரிஞ்சுடும்னு அதோட உடம்புக்குத் தெரியும்.

பசிச்சா வந்துடுமாம். பூனை ரெண்டு மூணு நாளைக்கு மேல சுத்தமா சாப்பிடாம இருந்தா, உடம்புல இருக்கற கொழுப்பு கல்லீரல்ல போய்ச் சேர்ந்து கல்லீரலே படுத்துக்கும். குண்டுப் பூனையா இருந்தா ஆபத்து இன்னும் அதிகம். நாம பசிக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கற நேரத்துல அது எங்கயோ ஒரு மூலையில செத்துக்கிட்டிருக்கும்.

சரி, தேடினேன். எப்படித் தேடினேன்னு சொன்னா சிரிப்பீங்க. படிச்சவன் இல்லையா? லேப்டாப்பைத் திறந்து அழகா இங்கிலீஷ்ல ஒரு போஸ்டர் செஞ்சேன். பத்தாயிரம் ரூபாய் பரிசு. முப்பது பிரதி எடுத்துக் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டினேன். பொண்ணு பள்ளிக்கூடம் போகாம கூடவே வந்தா. மூணு நாள் ஒரு போன் வரலை. வந்த ஒரே போன், கடன் வேணுமான்னு கேட்டு.

எங்க வீட்டுல வேலை செய்யற அக்கா தீபாவளிக்கும் பாயி தூஜுக்கும் லீவு போட்டுட்டு அஞ்சாம் நாள் காலையில வந்தாங்க. விழுப்புரம் பக்கத்துக்காரங்க. டெல்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. போஸ்டரைப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "இதை யாருக்குண்ணே ஒட்டியிருக்கீங்க?"

அப்பத்தான் உறைச்சது. ராத்திரி தெருவுல நடக்கறது யாரு? காவலாளி. விடியக்காலம் கார் துடைக்கறவர், பால் போடறவர், பெருக்கறவங்க, இஸ்திரி போடறவர், கபாடிக்காரர். இவங்க யாரும் கம்பத்துல இங்கிலீஷ் படிச்சுக்கிட்டு நிக்கப் போறதில்லை. இங்கிலீஷ் படிக்கறவங்க எல்லாம் காருக்குள்ள கண்ணாடியை ஏத்திவிட்டுப் போறாங்க. நான் போஸ்டர் ஒட்டினது என்னை மாதிரி ஆளுங்களுக்கு. என்னை மாதிரி ஆளுங்க இன்னொருத்தன் பூனையை என்னிக்குப் பார்த்திருக்கோம்?

அன்னிக்கே இந்தியில மாத்தினோம். பெரிய போட்டோ, கீழ பெரிய எழுத்துல நம்பர். (டெல்லி வந்த புதுசுல "பில்லி"ன்னு யாராவது சொன்னா எனக்குப் பில்லி சூனியம்தான் ஞாபகம் வரும். அந்த வார்த்தையை நானே அம்பது தடவை கொட்டை எழுத்துல அச்சடிப்பேன்னு நினைக்கலை.)

அக்கா அதோட விடலை. இன்னொரு கேள்வி கேட்டாங்க. "தீபாவளி ராத்திரி யார் வீட்டுல எதைத் திறந்தாங்க, எதை மூடினாங்கன்னு விசாரிச்சீங்களா?" நான் முழிச்சேன். அவங்களே யோசிச்சுச் சொன்னாங்க. எங்க வரிசையில மூணாவது வீட்டுலயும் அவங்க வேலை செய்யறாங்க. அன்னிக்குச் சாயங்காலம் அலங்கார விளக்கு எடுக்க மொட்டைமாடி அறையைத் திறந்தாங்க. காலி அட்டைப்பெட்டியைத் திரும்ப வெச்சுட்டு ராத்திரிதான் பூட்டினாங்க. அடுத்த நாள் காலையில குடும்பத்தோட ஹரித்வார் போயிட்டாங்க.

அந்த வீட்டு வாசல்ல நான் மூணு தடவை நின்னு "பட்டாணி, பட்டாணி"ன்னு கத்தியிருக்கேன். எங்க வீட்டுலேர்ந்து அறுபது மீட்டர் கூட இருக்காது. அந்தக் குடும்பத்தோட பேர் எனக்குத் தெரியாது. ஆறு வருஷமா ஒரே வரிசையில இருக்கோம்.

அக்கா போன் போட்டாங்க. சாவி கீழ்த்தளத்துல குடுத்து வெச்சிருந்தாங்க. ராத்திரி பத்தரைக்கு டார்ச்சோட மேல போனோம். தரையோட தரையா படுத்து வெளிச்சம் அடிச்சா பூனையோட கண்ணு பச்சையா மின்னும்னு படிச்சிருந்தேன். அப்படித்தான் மின்னுச்சு. பழைய டெசர்ட் கூலருக்குப் பின்னாடி. கூலர் தொட்டியில கோடையில மிஞ்சின அழுக்குத் தண்ணி ரெண்டு விரக்கடை இருந்துச்சு. அதைக் குடிச்சுத்தான் அஞ்சு நாள் உயிரைப் பிடிச்சுக்கிட்டிருந்திருக்கான். தூக்கினா காத்தாடி மாதிரி இருந்தான். மூணு நாள் டிரிப் ஏத்தினாங்க. பிழைச்சுட்டான்.

இதோட சுபம் போட்டு முடிச்சிருக்கலாம். ஆனா அன்னிக்கு ராத்திரி, பட்டாணியைத் துண்டுல சுத்திக்கிட்டு படியிறங்கி வரும்போது அக்கா சொன்னாங்க: "எங்க பூனையும் இப்படித்தாண்ணே போச்சு. ஜூன் மாசம்."

அவங்க இருந்தது மதராஸி கேம்ப்ல.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஜங்புரா பக்கத்துல பாராபுல்லா நாலாவை ஒட்டி பல பத்து வருஷமா இருந்த தமிழர் குடியிருப்பு. சுத்துவட்டாரக் காலனிகள்ல வீட்டு வேலைக்குப் போறவங்க பாதிப் பேர் அங்கேர்ந்துதான் வருவாங்க. மழைக்காலத்துல தண்ணி தேங்குது, கால்வாயைத் தூர்வார வழி வேணும்னு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2025 ஜூன் 1, ஞாயித்துக்கிழமை இடிச்சாங்க. 370 குடும்பம். அதுல 189 குடும்பத்துக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி இருக்குன்னு பட்டியல் போட்டாங்க. அந்த வீடும் எங்க? நகரத்தோட அந்தக் கோடியில, நரேலாவுல. அக்கா பேர் பட்டியல்ல இல்லை. இப்ப சராய் காலே கான்ல ஒத்தை ரூம்ல இருக்காங்க. அந்த வழக்கோட நியாய அநியாயத்தை நான் இங்க பேச வரலை. பூனையைப் பத்தித்தான் பேசறேன்.

புல்டோசர் சத்தத்துல அவங்க பூனை ஓடிடுச்சு. வெள்ளையும் மஞ்சளும் கலந்த பொட்டைப் பூனை. பேர் ராணி. நாலு நாள் விடியக்காலம் எங்க வீட்டு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தச் செங்கல் குவியலுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்திருக்காங்க. 500 மீட்டருக்குள்ள தேடணும்னு ஆய்வு சொல்லுது. அந்த 500 மீட்டரே இடிஞ்சு கிடந்தா எங்க போய்த் தேடறது? அவங்களுக்கு எவ்வளவு விவரம் தெரிஞ்சிருந்துச்சுன்னு பட்டாணியைத் தேடினப்பப் பார்த்தேனே. அவ்வளவு விவரம் தெரிஞ்சவங்களுக்கே அது கிடைக்கலை.

அந்த நாலு நாளும் அவங்க எங்க வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்ச்சாங்க. நான் வீடு மாத்தற செலவுக்குன்னு அஞ்நூறு ரூபாய் குடுத்தேன், ஒரு நாள் லீவு குடுத்தேன். நல்ல மனுஷன்னு என்னையே மெச்சிக்கிட்டேன். வேற எதுவும் கேட்கலை.

"ஏங்க்கா அப்பவே சொல்லலை?"ன்னு கேட்டேன்.

"பூனைதானேண்ணே. வீடே போயிருச்சு, பூனையைப் போய் உங்ககிட்ட என்ன சொல்றது?"

வாட்ஸப் பெரியவர் "ஒரு பூனைக்கா"ன்னு கேட்டப்ப எனக்கு ரத்தம் கொதிச்சது. இவங்க அதையே சொன்னப்ப பேச்சே வரலை. அந்தப் பெரியவர் என் துக்கத்தைச் சின்னதாக்கினார். அக்காவோட துக்கத்தைச் சின்னதாக்க யாரும் வர வேண்டியிருக்கலை, அவங்களையே அப்படிச் சொல்ல வெச்சுட்டோம். போஸ்டர் அடிக்கவும் பரிசு அறிவிக்கவும் லீவு போடவும் வசதி இருக்கறவன் பூனைக்குத்தான் காணாமப் போற உரிமையே இருக்கு. 2025 ஜனவரியில நோய்டாவுல ஒரு குடும்பம் காணாமப் போன பாரசீகப் பூனைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசுன்னு போஸ்டர் ஒட்டினாங்க. எல்லாப் பத்திரிகையிலயும் வந்துச்சு. 2020 நவம்பர்ல நேபாளத்தோட முன்னாள் தேர்தல் ஆணையர் இலா சர்மாவோட பூனை கோரக்பூர் ரயில் நிலையத்துல தப்பிச்சப்பவும் அப்படித்தான். அவங்களை நான் குறை சொல்லலை. அவங்க செஞ்சது சரி. உயிரை நேசிச்சா அப்படித்தான் தேடணும். ராணியைத் தேடின நாலு விடியக்காலமும் அதே தேடல்தான்னு மட்டும் சொல்றேன்.

இப்ப நம்மாளுங்களுக்கு வர்றேன். இதுவரைக்கும் தப்பிச்சோம்னு நினைச்சிருப்பீங்க.

ஏப்ரல், மே மாசம் டிரான்ஸ்ஃபர் சீசன். சென்னைக்கோ பெங்களூருக்கோ மாத்தலாகிப் போற நம்மூர்க் குடும்பங்கள் சாமான் ஏத்தற அன்னிக்குச் சொல்ற ஒரு வாக்கியம் இருக்கு: "பூனையைக் காணோம், எங்கயோ போயிடுச்சு." லாரி போனதுக்கு அப்புறம் அதே பூனை பூட்டின கதவு முன்னாடி உட்கார்ந்திருக்கறதை நான் ரெண்டு தடவை பார்த்திருக்கேன். அது காணாமப் போன பூனை இல்லைங்க. காணாமப் போனது நீங்க.

அப்படி விட்டுட்டுப் போறது குற்றம். மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11. பசியிலயும் தாகத்துலயும் தவிக்கற நிலைமையில ஒரு பிராணியைக் காரணமில்லாம கைவிட்டா தண்டனை உண்டு. எவ்வளவு தெரியுமா? முதல் தடவைன்னா 10 ரூபாயிலேர்ந்து 50 ரூபாய் வரைக்கும் அபராதம். சட்டம் வந்தப்ப அம்பது ரூபாய் பெரிய காசு, இன்னிக்கு ஒரு சாயாவும் சமோசாவும். இந்தச் சட்டத்துக்கு வித்துப் போட்டது நம்ம கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி. மாநிலங்களவையில தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடினவங்க, 1962-ல விலங்குகள் நல வாரியம் அமைஞ்சப்ப அதோட முதல் தலைவர். தமிழ்நாட்டுலேர்ந்து போன ஒரு பெண்மணி வாங்கிக் குடுத்த சட்டத்தை நாமளே மதிக்கலைன்னா எப்படி?

"பூனையை அடிச்சா யார் கேட்பா?"ன்னு நினைக்கறவங்களுக்கும் ஒரு தகவல். 2024 ஜூலை 1லேர்ந்து நடைமுறையில இருக்கற பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவு. எந்தப் பிராணியையும் அநியாயமா கொன்னாலோ, விஷம் வெச்சாலோ, ஊனமாக்கினாலோ அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். அதுல "பூனைதானே"ன்னு விதிவிலக்கு எதுவும் இல்லை.

என்ன செய்யணும்னு கேட்கறீங்களா? பெருசா ஒண்ணும் இல்லை.

பூனைக்கு யார் மணி கட்டறதுன்னு கேட்பாங்களே, நீங்கதான் கட்டணும். கழுத்துல பட்டை, அதுல உங்க போன் நம்பர். இழுத்தா தானா கழண்டுக்கற பட்டையா வாங்குங்க, எங்கயாவது மாட்டிக்கிட்டா கழுத்தை நெரிக்கக் கூடாது. டெல்லியில நாய்க்குத்தான் மாநகராட்சிச் சட்டப்படி பதிவு, பூனைக்கு நீங்கதான் பதிவேடு. உடம்போட அடையாளம் தெரியற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. கருத்தடை பண்ணிடுங்க. தீபாவளி சாயங்காலம் ஆறு மணிக்கே உள்ரூம்ல விட்டுக் கதவைச் சாத்துங்க. மிட்டாய்ப் பெட்டி வந்தா அப்புறம்தான் வாசக்கதவு.

மாத்தலானா கூட்டிட்டுப் போங்க. ரயில்ல முதல் வகுப்பு ஏசி கூபே மொத்தமா எடுத்தா பூனையைக் கூடவே வெச்சுக்கலாம். செலவுதான். குழந்தையோட சைக்கிளை லாரியில ஏத்தச் செலவழிக்கறோம்ல?

காணாமப் போச்சா, அன்னிக்கு ராத்திரியே இறங்குங்க. ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும், தெரு அடங்கினதுக்கு அப்புறம், டார்ச்சைத் தரையோட பிடிச்சுக் காருக்கு அடியில, ஜெனரேட்டருக்குப் பின்னாடி, படிக்கட்டுச் சந்துல, தண்ணித்தொட்டி மேடைக்குக் கீழ பாருங்க. பூட்டின அறை, ஸ்டோர், பேஸ்மென்ட் எல்லாத்தையும் திறக்கச் சொல்லிக் கேளுங்க. வெட்கப்படாதீங்க.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. தெருவுல இருக்கறவங்க பேரைத் தெரிஞ்சு வெச்சுக்குங்க. பூனை தொலைஞ்ச அன்னிக்குப் போய்ப் பழகறது அசிங்கமா இருக்கு, நான் செஞ்சேன், அதனால சொல்றேன். காவலாளி பேர் என்ன, எந்த ஊர், பிள்ளைங்க என்ன படிக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? உங்க வீட்டுல வேலை செய்யறவங்க வீட்டுல பூனை இருக்கான்னு தெரியுமா?

அக்காவுக்குப் பத்தாயிரத்தைக் குடுத்தேன். வேண்டாம்னாங்க, தங்கமணி பையில திணிச்சு அனுப்பினாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் பொண்ணும் அக்காவும் பாராபுல்லா ஓரமா போனோம். ராணி காணாமப் போய் அஞ்சு மாசம் ஆகப்போகுது. 90 நாளைக்கு அப்புறம் கிடைக்கறது எவ்வளவு அபூர்வம்னு எனக்குத் தெரியும், பொண்ணுக்கும் சொல்லியிருந்தேன். இருந்தாலும் அவ இந்தியில ஒரு போஸ்டர் செஞ்சு எடுத்துட்டு வந்தா. அக்காகிட்ட ராணியோட போட்டோ இல்லை, அதனால கிரேயான்ல வரைஞ்சிருந்தா. வெள்ளை, மஞ்சள். கீழ என் நம்பர்.

போகல்ல பால் பூத்துலயும் இஸ்திரிக்காரர் மேஜை மேலயும் ஒட்டினோம். இஸ்திரிக்காரர் படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு, காது எப்படி இருக்கும்னு கேட்டார். இடது காது நுனி கிழிஞ்சிருக்கும்னு அக்கா சொன்னாங்க. பொண்ணு பையிலேர்ந்து கறுப்பு கிரேயானை எடுத்து, அங்கயே நின்னு காதைத் திருத்தினா.